முன்பு ஏதாவது இருந்ததா?

அந்த நாற்காலி வேண்டாம், அம்மா. அதன் கால் ஆடுகிறது. காலையில் ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்து அப்படியே சரிந்தார். வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "பார்க்கிறோம் மேடம்" என்கிறாள். எதைப் பார்ப்பார்கள்? நாற்காலியையா, அடுத்து விழப்போகிறவரையா? இங்கே என் பக்கத்தில் உட்காருங்கள். பையைக் கீழே வைக்காதீர்கள், இப்போதுதான் துடைத்தார்கள்.

உள்ளே யார்? கணவரா? தலைக்கு மட்டும்தானே ஸ்கேன்? அப்படியானால் என் மகள் முடித்ததும் அவரை எடுப்பார்கள், சீக்கிரம் முடிந்துவிடும். அவள் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. அவளுக்கு மூளை, கழுத்து, முதுகுத்தண்டு மூன்றும் எடுக்கிறார்கள். நடுவில் மருந்து ஏற்றி மறுபடியும் எடுப்பார்களாம். ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றார்கள். கேட்கிறதா அந்தச் சத்தம்? தகரக் கூரையைச் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. அந்தக் குழாய்க்குள் அவள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். படுத்திருப்பாள். சொன்னால் கேட்கிற பிள்ளை. அப்படித்தான் வளர்த்தேன்.

என் பெயர் மங்கையர்க்கரசி. சங்கரன்கோவில். அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியை; கடைசி ஆறு ஆண்டுகள் தலைமையாசிரியை. நான் கோபக்காரி இல்லை, அம்மா. வகுப்பில் பிரம்பு எடுத்தவள் இல்லை. ஆனால் இன்று எனக்கு வருகிற ஆத்திரத்தில் இந்தக் கட்டடத்தையே இரண்டாக்கிவிடுவேன் போலிருக்கிறது. இரண்டு ஆண்டுகள். இரண்டு முழு ஆண்டுகள் வீண். யாரால் என்று கேளுங்கள்.

கேளுங்கள், சொல்கிறேன்.

மகள் பெயர் இளவேனில். இருபத்தெட்டு வயது. திருநெல்வேலியில் விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விவசாயிகளுக்குக் கொடுக்கிற விதை முளைக்குமா முளைக்காதா என்று பார்த்துச் சான்று தருகிற வேலை. திருமணமாகி ஒன்றே முக்கால் ஆண்டு ஆகிறது. கணவர் நெல்லையப்பன், குடிநீர் வாரியத்தில் உதவிப் பொறியாளர், அம்பாசமுத்திரத்துப் பிள்ளை. நல்ல குடும்பம். நான் தேடிய குடும்பம்.

இந்த ஆனி மாதம் அவளுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. முதல் நாள் பாதம், மறுநாள் முழங்கால், நான்காம் நாள் இடுப்பு வரை. வயிற்றைச் சுற்றி யாரோ அகலப் பட்டை போட்டு இறுக்குவதுபோல இருக்கிறது என்றாள். தலை குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கால் வரை கரண்டு பாய்கிறது என்றாள். குனிந்து கோலம் போட முடியவில்லை, செருப்பு மாட்ட முடியவில்லை. மாப்பிள்ளைக்கு அப்போது களப்பணி. எனக்குத் தொலைபேசி வந்தது, பெட்டியோடு போய் இறங்கிவிட்டேன். எல்லா மருத்துவரிடமும் நான்தான் அழைத்துக்கொண்டு போனேன்.

முதலில் ஒரு பொது மருத்துவர். காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா, சைவச் சாப்பாடு, பி டுவெல்வ் கொறச்சல்" என்று பத்து ஊசி எழுதினார். பத்தும் போட்டோம். அடுத்து ஓர் எலும்பு மருத்துவர். சுவரெல்லாம் அவர் வாங்கிய கேடயங்கள். "கம்ப்யூட்டர்ல குனிஞ்சு குனிஞ்சு கழுத்து எலும்பு தேஞ்சுபோச்சு" என்று பட்டை மாட்டிவிட்டார். இருபத்தெட்டு வயதில் எலும்பு தேயுமா என்று கேட்டேன். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எல்லாமே சீக்கிரம் டீச்சர்" என்று சிரித்தார். சிரிப்பு! ஆறு வாரம் அந்தப் பட்டையோடு என் மகள் அலுவலகத்துக்குப் போனாள். கூட வேலை பார்க்கிறவர்கள் ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிட்டார்களாம். பிறகு மரப்பு மெல்லத் தானாகவே விட்டது. ஊசியால் என்றார் ஒருவர், பட்டையால் என்றார் மற்றவர். ஆனால் நடை திரும்பவில்லை. இடது காலை இழுக்கிறாள். படியில் இறங்கும்போது சுவர் வேண்டும்.

இப்படியே விட்டிருந்தால் இன்னும் ஓர் ஆண்டு போயிருக்கும். அவளுடைய அலுவலகத்தில் ஓர் அம்மாள், அவருடைய தங்கைக்கு இதே நோயாம், "கழுத்த விடு, மதுரையில நரம்பு டாக்டரப் பாரு" என்று சொன்னதால் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தோம். இன்று காலை ஒன்பதரைக்கு. டாக்டர் பெனிட்டா. பார்த்தீர்களா அவரை? சின்னப் பெண். நான் கடைசியாக வழியனுப்பிய பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கலாம். அந்தப் பெண்தான், அம்மா, அந்தப் பெண்தான் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றது.

என்னை! தாமதமாக வந்த பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற மாதிரி!

இல்லை, இருங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன். ஆத்திரத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

டாக்டர் அவளை நடக்கச் சொன்னார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார், பாதத்தில் சாவியால் கீறிப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டார். நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறதாம், மின்கம்பிக்கு மேலே இருக்கிற ரப்பர் மாதிரி. உடம்பைக் காக்க வேண்டிய படையே வழி தவறி அந்த உறையை அரிக்கிறதாம். இன்று ஓர் இடம், நாளை வேறோர் இடம். என் கணவர் இருந்தவரை மின்வாரியத்தில் இருந்தவர். உறை போன கம்பி என்ன செய்யும் என்று எனக்கு இந்த டாக்டர் படம் போட வேண்டியதில்லை. நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். "இன்னும் உறுதி இல்ல, சந்தேகம்தான்" என்றார்.

இதைக் கேளுங்கள், இதுதான் முக்கியம். "இதை முழுசாக் குணமாக்குற மருந்து கிடையாது. ஆனா அடுத்த அடி விழாமத் தடுக்குற மருந்து இருக்கு. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நடை மிஞ்சும், அவ்வளவு பார்வை மிஞ்சும். எனக்கு இப்பத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இது முதல் தடவையா, ரெண்டாவது தடவையா? முதல் தடவைன்னா இன்னும் நாலு சோதனை, முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கணும், அப்பவும் முடிவு தெரியாமக் காத்திருக்க வேண்டி வரலாம். ரெண்டாவதுன்னா, முதல்ல வந்தத ஒரு டாக்டர் பார்த்து எழுதி வெச்சது இருந்தா, ஸ்கேனும் ஒத்துப்போனா, காத்திருக்க வேண்டாம். இன்னைக்கே மருந்து பேசலாம்." இப்படிச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்துக் கேட்டார்: "முன்னாடி ஏதாவது இருந்துச்சா? கண் மங்கல், ஒரு கண்ணுல வலி, அப்படி ஏதாவது?"

"இல்லை" என்றேன் நான்.

எப்போதும் நான்தான் சொல்வேன். ஊசி போட்டவர் கேட்டபோதும் நான்தான் சொன்னேன், பட்டை போட்டவர் கேட்டபோதும் நான்தான் சொன்னேன். அவளுக்குச் சட்டென்று பேச்சு வராது, அம்மா. கூச்ச சுபாவம். நூறு விவசாயிகளை உட்காரவைத்து விதை நேர்த்தி வகுப்பு எடுக்கிறாளாம், அது வேறு. மருத்துவரிடம் தாய்தானே சொல்ல வேண்டும்? அவளுக்கு அம்மை போட்டது எப்போது, பல் விழுந்தது எப்போது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்?

அந்த டாக்டர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க சொல்லட்டும்மா" என்றார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். ஒரு பார்வை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கண்ணு... ரெண்டு வருஷம் முன்னாடி, வலது கண்ணு" என்றாள்.

ஆமாம், அம்மா. கண். இருந்தது. நான் இல்லை என்று சொன்னது பொய் இல்லை. அதை நான் நோயாகக் கருதவில்லை, அவ்வளவுதான். கருதாததை எப்படி இருந்தது என்று சொல்வது?

என்ன நடந்தது என்றால், ஐப்பசி மாதம், அடைமழை. வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணைப் பொத்தி, மாற்றி மாற்றி எதையோ பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன விளையாட்டு இது என்று அதட்டினேன். "அம்மா, மருந்து தடவின விதை நல்ல சிவப்பா இருக்கும்ல, வலது கண்ணால பார்த்தா வெளுத்த செங்கல் மாதிரி தெரியுது. கண்ண உருட்டுனா வலிக்குது" என்றாள். நான் என்ன சொல்வேன்? எவரும் சொல்வதைத்தான் சொன்னேன். எந்நேரமும் கைபேசி, தூங்கும்போதும் கைபேசி, கண் வெளுக்காமல் என்ன செய்யும்?

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் விடுப்பு விண்ணப்பம் படித்தவள். தலைவலி, வயிற்றுவலி, வீட்டில் விசேஷம். ஒரு பெண் ஒரே ஆண்டில் மூன்று முறை தம்பிக்குக் காதுகுத்து என்று எழுதினாள். அந்தத் தம்பிக்கு மொத்தம் எத்தனை காது என்று கூட்டு வழிபாட்டில் நிறுத்திக் கேட்டேன். சிரிக்காதீர்கள், பள்ளியே சிரித்தது. எது மெய்வலி, எது பொய்வலி என்று எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மகளையும் அப்படித்தான் சோதித்தேன். இடது கண்ணை என் உள்ளங்கையால் பொத்தி, நாளிதழை நீட்டி, தலைப்பைப் படி என்றேன். எழுத்தே தெரியவில்லை என்றாள். முயற்சி செய்து படி என்றேன். "முயற்சி பண்ணுனா தெரியுமாம்மா?" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேசுவதாக நினைத்தேன்.

இருந்தாலும் மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேனா இல்லையா? போனேன். தாயாக என் கடமையில் ஒரு குறை கண்டுபிடித்துவிட முடியாது. எங்கள் ஊரிலேயே இருக்கிறவர். அவருடைய மனைவி என்னிடம் படித்தவள். அந்த மனிதர்மேல்தான், அம்மா, எனக்குத் தீராத கோபம். ஊசிக்காரரையும் பட்டைக்காரரையும்கூட மன்னித்துவிடுவேன். அவர்கள் அறியாதவர்கள். இவர் அறிந்தவர். அறிந்தும் ஒழுங்காகச் செய்யவில்லை.

என்ன செய்யவில்லையா? சொல்கிறேன். என் மகளுடைய கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெளியே உட்காரச் சொன்னார். பார்த்து முடித்தபின் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். "டீச்சர், கோளாறு கண்ணுல இல்ல. கண்ணுக்குப் பின்னால நரம்புல வீக்கம். சில பேருக்கு இது தானாச் சரியாயிரும், ஆனா பெரிய வியாதிக்கு இது முதல் மணியாவும் இருக்கும். மதுரைக்குப் போய் மூளைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துருங்க. சும்மா விட்டுறாதீங்க" என்றார். ஒரு கடிதமும் எழுதினார்.

எழுதினார், ஆமாம். அதை யாரால் படிக்க முடியும்? எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "பாப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" "வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். "சரி டீச்சர்" என்றார். சரி டீச்சராம்! இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. அரசு வேலையில் இருக்கிறவள். கண் அவளுடையது, நரம்பு அவளுடையது. அவளிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எந்த மருத்துவராவது நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளுடைய அம்மாவிடம் போய்ச் சொல்வாரா? டீச்சர் என்கிற பயம். மரியாதை என்று பெயர். அந்த மரியாதை என் மகளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது, பாருங்கள்.

வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள். காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? "புள்ளகிட்ட சொன்னீங்களா?" என்றா?

அம்மா, அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். நான்காண்டுகள் தேடியிருக்கிறேன். தகப்பன் இல்லாத பிள்ளை. நான் ஒருத்தியாக, சாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு, பெண்ணுக்குத் தகப்பனார் இல்லையா என்று ஒவ்வொரு வீட்டிலும் அந்த உச்சுக் கொட்டலைக் கேட்டுக்கொண்டு... கடைசியில் எல்லாம் பொருந்தி ஓர் இடம் அமைகிறது. அவர்களிடம் போய், பெண்ணுக்கு மூளையில் ஸ்கேன் எடுக்கிறோம், முடிவு வந்ததும் வாருங்கள் என்றா சொல்வேன்? ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அந்தப் பேச்சு நிற்காது. மூளைக் கோளாறுள்ள பெண் என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அம்மா, பிறகு எந்தச் சான்றிதழும் செல்லாது.

அதனால் அவளிடம், "ஒன்றும் இல்லையாம், கண் அசதியாம், கைபேசியைக் குறைக்கச் சொன்னார்" என்றேன்.

அவளும் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? என்னிடமிருந்து அவள் பொய் கேட்டதே இல்லையே.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் உட்கார்ந்ததும் கேட்டார். "பொண்ணு கண்ணாடி கிண்ணாடி போடுமா? எங்க மூத்த மருமகளுக்குக் கண்ணாடியக் கழட்டுனா மாமியாரே தெரிய மாட்டேங்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "எங்கள் வீட்டில் அறுபது வயதுவரை யாரும் கண்ணாடி போட்டதில்லை" என்றேன். அது மெய். எனக்கே அறுபத்தோராம் வயதில்தான். இவள் காப்பித் தட்டோடு வந்தாள். கடைசித் தம்ளரை மேசை விளிம்புக்கு வெளியே வைத்தாள், அம்மா. காற்றில் வைத்தாள். மாப்பிள்ளையின் சட்டையெல்லாம் காப்பி. "வெக்கப்படுதா, விடுங்க" என்றார் அந்த அம்மாள். நானும் வெட்கம் என்றேன். தையில் திருமணம். அதற்குள் கண் தானாகவே சரியாகிவிட்டது. ஐந்தாவது வாரம், "அம்மா, சிவப்பு சிவப்பாத் தெரியுது" என்று தொலைபேசியில் சொன்னாள். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். நான் நினைத்தது சரி, அந்த எறும்பு எழுத்துக்காரர்தான் வீணாகப் பயமுறுத்தினார் என்று நினைத்தேன். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? சரியாகிவிட்ட கண்ணுக்கு எதற்கு ஸ்கேன்?



இன்று காலை டாக்டர் விடவில்லை. "கண் வலிச்சுச்சா? கலர் மங்குச்சா? எந்த மாசம்? யார் பார்த்தாங்க?" என்று அவளிடமே கேட்டார். அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு மறந்த தேதிகூட அவளுக்கு நினைவிருந்தது. "டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொன்னாராம். அம்மாதான் கேட்டுட்டு வந்தாங்க" என்றாள். அப்போதுதான் அந்தப் பெண் என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தது. "எழுதிக் கொடுத்த பேப்பர் ஏதாவது இருக்காம்மா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"நான் தலைமையாசிரியையாக இருந்தவள். யோசிக்காமல் பேசுவதில்லை" என்றேன். அதற்குத்தான் வெளியே அனுப்பினார். தாழ்வாரத்தில் வந்து நின்றேன். நான் எதற்காக இல்லை என்கிறேன்? எனக்காகவா? திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பே தெரியும் என்று எழுத்தில் இருந்தால், நாளை அந்தக் குடும்பம் என்ன சொல்லும்? மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று சொல்லாதா? வழக்கு மன்றம் வரை போகிறார்கள், அம்மா, செய்தித்தாளில் படிக்கிறோமே. கால் இழுக்கிற பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவள் எங்கே போவாள்? அவள் வாழ்க்கைக்காக நான் இந்தச் சுமையைச் சுமக்கிறேன், இவர்கள் என்னைக் குற்றவாளி மாதிரி வெளியே அனுப்புகிறார்கள்.

அப்படி நின்றுகொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வெளியே வந்தார். அவரிடம் என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அத்த, நீங்க கண் விஷயத்துக்காகச் சங்கடப்படாதீங்க. அது எனக்கு அப்பவே தெரியும். பாக்க வந்த அன்னைக்கே மாடியில வெச்சுச் சொல்லிட்டா. டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாருன்னாள்ல, நானும் விட்டுட்டேன்."

பத்து நிமிடம், அம்மா! பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும் என்று மாடிக்கு அனுப்பினோம். சட்டையில் காப்பிக் கறையோடு போன, முன்பின் தெரியாத ஒருவனிடம், "எனக்கு வலது கண் தெரியவில்லை, அதனால்தான் சிந்தினேன்" என்று சொல்லியிருக்கிறாள். பெற்றவளிடம் கலக்காமல்! நான் கட்டிக் காத்ததையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் அவிழ்த்துக் கொட்டியிருக்கிறாள். அவரும் அதைக் கேட்டுவிட்டு, கீழே வந்து, பெண் பிடித்திருக்கிறது என்றிருக்கிறார். எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் நான் அடுத்த நாளே...

அடுத்த நாளே கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். இதே மதுரைக்கு.

இல்லை, கண்ணில் தூசி. ஏசிக் காற்று.

அந்தக் கடிதமா? கிழித்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? நான் எந்தக் காகிதத்தையும் கிழித்தவள் இல்லை. இதோ இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், அதன் பின்னால் இது. இந்த இரண்டு ஆண்டில் ஊசிக்காரரிடமும் பட்டைக்காரரிடமும் இந்தக் கோப்போடுதான் போனேன். மடியிலேயே வைத்திருந்தேன். இன்றும் மடியிலேயேதான் வைத்துக்கொண்டு இல்லை என்றேன். பாருங்கள், படிக்க முடிகிறதா? நீங்களும் படித்துவிடுவீர்கள். "வலது பார்வை நரம்பு அழற்சி. மூளை எம்ஆர்ஐ, நரம்பியல் ஆலோசனை அவசியம்." தமிழிலேயே எழுதியிருக்கிறார், டீச்சருக்காக. கையெழுத்து அப்படியொன்றும் மோசமில்லை.

அம்மா, ஓர் உதவி செய்வீர்களா? பதறாதீர்கள், சின்ன உதவி. இதை நீங்கள் கொண்டுபோய் அந்த டாக்டரிடம் கொடுங்கள். நாற்காலிக்கு அடியில் கிடந்தது, யாருடையதோ, பெயர் இளவேனில் என்று போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். என் கோப்பிலிருந்து விழுந்துவிட்டது, எனக்கே தெரியாமல் இருந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். மருந்து இன்றைக்கே தொடங்கிவிடும். யாருக்கும் நட்டமில்லை.

ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? பொய்யா? இதிலென்ன பொய்? நீங்கள் ஏதோ சத்தியத்தையே... மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உங்கள் கணவர் உள்ளே கிடக்கிறார்.

நான் கோபக்காரி இல்லை, அம்மா.

டாக்டரிடம் நானே கொடுத்துவிடுவேன். அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. அந்தப் பெண் ஒரு பார்வை பார்க்கும், பார்த்துவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளையும் ஒன்றும் சொல்லமாட்டார். அத்தை என்று இன்னும் மரியாதையாகக் கூப்பிடுவார், அதுதான் தாங்காது. ஆனால் இவள்... "ஒன்றும் இல்லையாம்" என்று நான் சொன்னதும் அவள் சிரித்தாள், அம்மா. கண்ணில் விட்ட சொட்டு இன்னும் காயாமல், வெளிச்சத்துக்குக் கூசி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். "அப்பாடா, நான் பயந்தே போயிட்டேன்மா" என்றாள். மழையில் என் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள்.

சத்தம் நின்றுவிட்டதே. முடிந்துவிட்டதா?

கதவைத் திறக்கிறார்கள். இல்லை, உங்கள் வீட்டுக்காரர் இல்லை. அவள்தான். நீல அங்கியில் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறாள், பாருங்கள். சுவரைத் தடவிக்கொண்டு வருகிறாள்.

மெல்ல வா. கையைப் பிடிக்கவா? சரி, பிடிக்கவில்லை. நீயே வா. இப்படி உட்கார். அந்த நாற்காலியில் வேண்டாம், இங்கே. மாப்பிள்ளை கீழே போயிருக்கிறார், வந்துவிடுவார். டாக்டர் கூப்பிடுவதற்குள் நீ ஒன்று படிக்க வேண்டும். என்ன காகிதம் என்று என்னைக் கேட்காதே, படி. உன் பெயர்தான் மேலே இருக்கிறது.

தேதியைப் பார்.

ஆமாம். அன்றைக்குத்தான். நீ கண்ணை மூடிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாய்.

இல்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னது நான்தான்.

அம்மா, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். போதும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.